எண்ணெய் டாங்கிகளின் அருகே குடியிருப்போர் என்ன கேட்க வேண்டும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூரின் தென்கரையை வரைபடத்தில் எடுத்துப் பாருங்கள். மேற்கே தஞ்சோங் பின், நடுவே பாசிர் கூடாங், தஞ்சோங் லங்சாட், கிழக்குக் கோடியில் பெங்கெராங். இந்த நான்கு இடங்களிலும் எண்ணெய் டாங்கிகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. பெங்கெராங்கில் 2014ஆம் ஆண்டில் படிப்படியாகச் செயல்படத் தொடங்கிய முனையத்தின் முதல் கட்டம் மட்டுமே சுமார் 13 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு கொண்டது. அதாவது 130 கோடி லிட்டர்.

இவை ஏன் இங்கே வந்தன? சிங்கப்பூரில் இடம் இல்லை; நமக்கு இடம் இருக்கிறது. உலகின் முக்கியமான கப்பல் பாதை நம் வாசலிலேயே ஓடுகிறது. இதனால் வேலை கிடைத்தது, வருமானம் வந்தது. நம் பிள்ளைகள் பலர் அங்கே தொழில்நுட்பர்களாகவும் லோரி ஓட்டுநர்களாகவும் பணியாற்றுகிறார்கள். ஆகவே, டாங்கிகளை அப்புறப்படுத்துங்கள் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. பாதுகாப்பு விதிகள் காகிதத்தில் இருப்பது வேறு, களத்தில் வேலை செய்வது வேறு. இந்த இடைவெளியில்தான் விபத்துகள் நடந்திருக்கின்றன. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஆவிதான் ஆபத்து

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலக்கும்போதுதான் தீப்பற்றுகிறது. இந்த ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, கால்வாயிலும் பள்ளத்திலும் தேங்கும். கண்ணுக்குத் தெரியாமல் வெகுதூரம் போய், எங்கோ ஒரு தீப்பொறியைத் தொட்டுவிட்டால் தீ வந்த வழியே திரும்பிவரும்.

அதனால்தான் பெரிய பெட்ரோல் டாங்கிகளில் மிதக்கும் கூரை அமைக்கிறார்கள். எண்ணெயின் மேலேயே கூரை மிதப்பதால் ஆவி சேர இடமில்லை. இது முதல் காப்பு. எண்ணெய் மட்டத்தைக் காட்டும் அளவுமானியும், அது பழுதானால் தனியாக இயங்கி நிரப்புவதை நிறுத்தும் அபாய விசையும் இரண்டாவது காப்பு. டாங்கியைச் சுற்றிக் கட்டப்படும் தடுப்புச் சுவர் மூன்றாவது. உள்ளே இருக்கும் மிகப் பெரிய டாங்கி முழுவதும் கொட்டினாலும் தாங்கி, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்க வேண்டும் என்பது கணக்கு. தீயணைப்பு நுரை, டாங்கிகளுக்கு இடையிலான தூரம், அவசரகாலத் திட்டம் ஆகியவை கடைசிக் காப்பு.

இத்தனை காப்புகளும் இருந்தால் விபத்து எப்படி நடக்கும்? நடந்திருக்கிறது.

ஒரு பூட்டு இல்லாததால் வந்த வினை

2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் ஒரு டாங்கியில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்தது. அளவுமானி இடையிலேயே சிக்கி நின்றுவிட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு டாங்கி நிரம்பாதது போலவே தெரிந்தது. தனியாக இயங்க வேண்டிய அபாய விசையும் கைகொடுக்கவில்லை. அந்த விசையின் சோதனைக் கைப்பிடியைச் சரியான நிலையில் பிடித்துவைக்க ஒரு பூட்டு தேவை. அந்தப் பூட்டு மாட்டப்படவே இல்லை. டாங்கி வழிந்தது, ஆவி பரவியது, காலை 6 மணிக்குப் பெருவெடிப்பு. 20க்கும் மேற்பட்ட டாங்கிகள் எரிந்தன. 43 பேர் காயமடைந்தனர். விடுமுறை நாளின் அதிகாலையாக இருந்ததால் உயிர்ப்பலி இல்லை.

விசாரணையில் தெரியவந்த ஒரு தகவலைக் கேளுங்கள். அதே அளவுமானி அதற்கு முந்திய சுமார் மூன்று மாதங்களில் 14 முறை சிக்கி நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அப்போதைக்குச் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

சுற்றுச்சூழல் பாதிப்பும் அங்கேயேதான் தொடங்கியது. தடுப்புச் சுவரின் இணைப்புகளிலும் குழாய் நுழையும் இடங்களிலும் கசிவு ஏற்பட்டு, எண்ணெயும் தீயணைப்பு நுரை கலந்த நீரும் நிலத்தடி நீரை எட்டின. சுவர் இருந்தது, ஆனால் ஒழுகும் சுவராக இருந்தது.

ஜெய்ப்பூரில் நடந்தது

நான்கு ஆண்டுகள் கழித்து, 2009 அக்டோபர் 29ஆம் தேதி மாலை, இந்தியாவின் ஜெய்ப்பூர் சீதாபுரா தொழிற்பேட்டையில் இருந்த எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோலை வேறு இடத்துக்கு அனுப்பத் தயாரானபோது வால்வு ஒன்றிலிருந்து எண்ணெய் பீறிட்டது. ஒரு மணி நேரத்திற்கும் மேலாக அது நிற்கவில்லை. தூரத்தில் இருந்தபடியே வால்வை மூடும் வசதி செயலிழந்து கிடந்தது. அருகே போனவர்களை ஆவி மயக்கியது. வெடிப்பில் 11 பேர் மாண்டனர். அவர்களில் கிடங்குக்கு வெளியே இருந்தவர்களும் உண்டு. தீ ஒரு வாரத்திற்கும் மேலாக எரிந்தது.

இங்கிலாந்தில் பூட்டு, இந்தியாவில் பொத்தான். இரண்டுமே விலை குறைந்த சின்னப் பொருள்கள்தாம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் சட்டங்களும் துயரத்திலிருந்து பிறந்தவைதான். 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடிப்பு நாட்டையே உலுக்கியது. 1992 ஜூனில் போர்ட் கிள்ளானில் சூன் ஹோங் 3 என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்தது. அதன்பின் 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1996இல் தொழில்துறைப் பேரிடர் ஆபத்துக் கட்டுப்பாட்டு விதிமுறைகள், அதாவது சிமா விதிமுறைகள் வந்தன.

சிமா விதிமுறைகளின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான பொருளை வைத்திருக்கும் இடம் பேராபத்து நிலையமாகக் கருதப்படும். அது பாதுகாப்பு அறிக்கை தர வேண்டும். அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட நமக்கு முக்கியமானது, விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்து மக்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நிறுவனம் மனம் இரங்கிச் செய்யும் உதவி என்று இதை யாரும் நினைக்கக் கூடாது. சட்டப்படி இது நம் உரிமை.

சுற்றுச்சூழல் பக்கமும் விதி இருக்கிறது. வணிக, தொழில், குடியிருப்புப் பகுதியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள், 60,000 பீப்பாய் அல்லது அதற்கு மேற்பட்ட கொள்ளளவில் எண்ணெய்க் கிடங்கு கட்டுவதானால், முதலில் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கு ஒப்புதல் பெற வேண்டும். வடிகாலில் விடும் கழிவுநீரில் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் என்றால் லிட்டருக்கு 1 மில்லிகிராம், மற்ற இடங்களில் 10.

அபராதமும் இப்போது கடுமையாகிவிட்டது. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தபோது, முதலாளிகளுக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியானது. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளி வரை உயர்த்தியது.

மழையையும் கணக்கில் எடுங்கள்

நம் ஊரில் மழை ஓயாது. தடுப்புச் சுவருக்குள் தேங்கும் மழைநீரை வால்வைத் திறந்து வெளியேற்றத்தான் வேண்டும். திறந்த வால்வை மூட மறந்தால், அத்தனை செலவில் கட்டிய சுவரும் வீண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தை நாசமாக்கியது. படகும் வலையும் எண்ணெயில் ஊறி, மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். தஞ்சோங் பின் அருகே சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், பூலாவ் கூக்குப் ஆகிய சதுப்பு நிலக்காடுகள் 2003 முதல் அனைத்துலக ராம்சார் பட்டியலில் இருப்பவை. அங்கே எண்ணெய் புகுந்தால் கழுவி எடுக்க முடியாது.

நாம் செய்ய வேண்டியது

2019 மார்ச் மாதம் சுங்கை கிம் கிம் சம்பவத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது கிடங்கு விபத்தல்ல, சட்டவிரோதச் செயல். ஆனாலும் அது ஒரு பாடம் சொன்னது. ஆபத்து வந்த பிறகு தகவல் தேடினால் காலம் போதாது.

ஆகவே குடியிருப்பாளர் சங்கமும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும், ஆலய நிர்வாகமும் சேர்ந்து ஊராட்சி மன்றத்திடமும் நிறுவனத்திடமும் ஐந்து கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள்:

1. எங்கள் அருகே உள்ள கிடங்கு சிமா விதிமுறைகளின் கீழ் பேராபத்து நிலையமா?

2. அபாயச் சங்கு ஒலித்தால் வீட்டுக்குள் இருக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா? வெளியேறினால் எந்த வழியாக?

3. கடைசியாக அவசரப் பயிற்சி நடந்தது எப்போது? அதில் பள்ளிகள் கலந்துகொண்டனவா?

4. நிரம்பி வழியாமல் தடுக்கும் விசை கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?

5. பெருமழையில் தடுப்புச் சுவருக்குள் தேங்கும் நீர் எங்கே போகிறது?

கிடங்கில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கருவி இரண்டாவது முறை சிக்கினால், "இது எப்போதும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். எழுதிக் கொடுங்கள்; கொடுத்ததற்குச் சான்றும் வைத்துக்கொள்ளுங்கள். பன்ஸ்ஃபீல்டில் பதினான்கு முறை எச்சரிக்கை கிடைத்தது. அதில் ஒன்றையாவது யாராவது கடைசிவரை விடாமல் பின்தொடர்ந்திருந்தால், அந்த ஊர் அன்று காலை நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.