வலைத்தளத்தின் வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரை விழா நாளன்றே முதன்முதலாக வீதிக்குக் கொணரும் வழக்கம் இல்லை. விழாவுக்கு முன்னரே அதனை ஒருமுறை இழுத்துப் பார்ப்பர். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். சக்கரங்களையும் அச்சையும் தச்சர்கள் தனித்தனியே நன்கு ஆராய்ந்திருப்பர். எனினும் வீதி முனையில் தேர் செவ்வனே திரும்புமா என்பதை அதனை ஓட்டியே அறிதல் வேண்டும். வலைத்தளங்களை அமைப்போரும் இத்தகைய வெள்ளோட்டம் ஒன்றினை மேற்கொள்கின்றனர். ஆங்கிலத்தில் 'எண்ட் டு எண்ட் டெஸ்டிங்' எனப்படும் அதனைத் தமிழில் முழுவழிச் சோதனை எனலாம்.

விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தை மாணவர் பலரும் அறிவர். 2001-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தோன்றிய அக்களஞ்சியம் முதலில் பெர்ல் என்னும் கணினிமொழியில் எழுதப்பட்ட மென்பொருளைக் கொண்டு நடைபெற்றது. மாக்னஸ் மான்ஸ்கே என்னும் செருமானியர் பி.எச்.பி. மொழியில் எழுதிய மென்பொருள் 2002-இல் அதன் இடத்தைப் பெற்றது. பலர் கைபட்டு வளர்ந்து மீடியாவிக்கி என்னும் பெயர் பூண்ட அம்மென்பொருளே இன்று 300-க்கு மேற்பட்ட மொழிகளில் விக்கிப்பீடியாவை இயக்கி வருகின்றது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அவற்றுள் ஒன்றாகும்.

ஓர் அன்பர் தம் ஊர் ஏரியின் வரலாற்றை இரண்டு மணி நேரம் அமர்ந்து தட்டெழுதுகின்றார் என்று கொள்வோம். முடிவில் சேமிக்கும் பொத்தானை அழுத்துகின்றார். அவ்வேளையில் பிழை ஒன்று நேர்ந்து, எழுதியது முழுதும் மறைந்துபோனால், அவர் மறுமுறை எழுத முன்வருவாரா? ஊதியம் கருதாது எழுதுவோரின் உழைப்பால் வளரும் களஞ்சியத்துக்கு இதனினும் பேரிழப்பு வேறில்லை.

இப்பிழை எங்ஙனம் நேர்கின்றது என்பதை அறியப் பி.எச்.பி. நிரல் தொழிற்படும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். அந்நிரல் படிப்பவரின் கணினியில் இயங்குவதன்று. தொலைவில் உள்ள சர்வரில் இயங்குவது. உலாவியிடமிருந்து வேண்டுகோள் வந்ததும் அது எழுந்து, தரவுத்தளத்தில் வேண்டுவனவற்றை எடுத்து, பக்கத்தை அமைத்து அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். அடுத்த வேண்டுகோள் வரும்போது, முன்னர் வந்தவரே மீண்டும் வந்துள்ளார் என்பதை அது தானாக உணராது. ஆதலின் உலாவி, குக்கி எனப்படும் அடையாளச் சீட்டை ஒவ்வொரு முறையும் காட்டுகின்றது. மேலும், மீடியாவிக்கி எழுதும் பக்கத்திலேயே மறைவாக ஓர் அடையாளச் சரத்தை வைத்தனுப்புகின்றது. வேறொரு தளத்திலுள்ள தீயோர் ஒருவர் பெயரால் கள்ளமாக மாற்றம் செய்யாதவாறு காக்கும் பூட்டு அது. சேமிக்கும்போது அச்சரம் பொருந்தினாலன்றி எழுதியது ஏற்கப்படாது.

சரத்தைப் படைக்கும் நிரற்பகுதி பழுதற்றதாயிருக்கலாம். சரிபார்க்கும் பகுதியும் பழுதற்றதாயிருக்கலாம். இடையில் குக்கி தொலைந்தால் இரண்டின் செம்மையும் பயன்படாது. பகுதிகளைத் தனித்தனியே ஆராயும் பி.எச்.பி.யூனிட் முதலிய கருவிகளுக்கு இக்குற்றம் புலப்படுதல் அரிது. உலாவியைத் திறந்து, உள்நுழைந்து, எழுதி, சேமித்து, சேமித்தது மீண்டும் தோன்றுகின்றதா என்று பார்த்தாலன்றி அது வெளிப்படாது.

நிரலில் மாற்றம் நிகழும்தோறும் ஒருவர் அமர்ந்து இவற்றையெல்லாம் செய்துகொண்டிருத்தல் இயலுமோ? 2004-இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் உலாவியைத் தானே இயக்கும் கருவி ஒன்றை ஆக்கினார். அதன் பெயர் செலினியம். அக்காலத்தில் சோதனைக் கருவிகள் விற்று வந்த நிறுவனம் ஒன்றின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம் என்பது. பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்னும் கருத்தை வைத்து நகையாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது. பின்னர், சைமன் ஸ்டூவர்ட் ஆக்கிய வெப்டிரைவர் அதனோடு இணைந்தது. உலாவியை இயக்கும் அம்முறை, 2018 சூன் 5 அன்று டபிள்யூ3சி அமைப்பின் ஏற்பினைப் பெற்றுப் பொதுத்தரம் ஆயிற்று.

மீடியாவிக்கிக்கு எழுதப்பட்ட உலாவிச் சோதனைகள் முதலில் ரூபி மொழியிலும் பின்னர் ஜாவாஸ்கிரிப்டிலும் அமைந்தன. பி.எச்.பி. தளத்தைப் பிறிதொரு மொழியால் சோதிப்பது எங்ஙனம் பொருந்தும் என்று ஐயுற வேண்டுவதில்லை. உலாவிக்கு வந்து சேர்வது முடிந்த பக்கமே. அதனைப் படைத்த மொழி யாதென உலாவி அறியாது. பி.எச்.பி.யிலேயே எழுத விரும்புவோர்க்கு 2017-இல் வெளிவந்த லாராவெல் டஸ்க் போன்ற கருவிகளும் உள்ளன.

புதுப்பக்கம் படைத்தல், திருத்துதல், வரலாறு காணுதல், நீக்குதல், நீக்கியதை மீட்டல், கணக்குத் தொடங்குதல், உள்நுழைதல் ஆகியவை மீடியாவிக்கிச் சோதனைகளுள் இடம்பெற்றவை. பொத்தானைத் தேடும்போது அதன்மேல் எழுதியுள்ள சொல்லைச் சோதனை நம்புவதில்லை. அச்சொல் தமிழில் ஒன்று, பிரெஞ்சில் மற்றொன்று. 'டபிள்யூபிசேவ்' என்று நிரலினுள் இட்ட அடையாளப் பெயரோ எம்மொழியிலும் மாறுவதில்லை.

சோதனைக்கெனப் படைக்கும் பக்கத்தின் பெயரும் கருதத்தக்கது. ஒரு சோதனை மற்றொன்றோடு மோதாதிருக்கும் பொருட்டு, அப்பெயரில் தற்செயலாய் எழும் ஓர் எண் சேர்க்கப்படும். அதன்பின் 'இண்டர்நேஷனலைசேஷன்' என்னும் ஆங்கிலச் சொல் வரும். ஆயின், அச்சொல்லின் எழுத்துகள் ஆங்கிலத்தில் இல்லாத குறிகளைத் தலைமேல் தாங்கியிருக்கும். வேண்டுமென்றே செய்த கோலம் அது. அதன் காரணத்தைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர்.

'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பது இலக்கணம் கற்றார் கணக்கு. யூனிகோடு முறையோ அதனைத் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்தாகப் பிரிக்கும். யூ.டி.எப்.-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். ஆகவே, சொல்லின் நீளத்தை அளக்கும் பி.எச்.பி. கட்டளை 15 என்று விடை கூறும். தலைப்பைச் சுருக்க எண்ணிய நிரலர் 10 பைட்டோடு வெட்டினால் முதல் மூன்று குறிகள் முழுமையாக நிற்கும்; ழகரம் மூன்றில் ஒரு பங்கோடு அறுபட்டு, உலாவியில் கேள்விக்குறி பொதிந்த கட்டமாய்த் தோன்றும். தமிழின் சிறப்பெழுத்து அடையும் இக்கதியை, எழுத்துக்கு ஒரு பைட்டே கொள்ளும் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மட்டும் சோதித்தவர் காணவே மாட்டார். மீடியாவிக்கியில் பக்கப்பெயரின் எல்லை 255 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்துக்கு இடம் தரும் அவ்வெல்லை தமிழில் 85 குறிகளோடு முடிந்துவிடும்.

இச்சோதனைகளை எழுதுவோர்க்குப் பெருந்தொல்லை தருவது காத்திருத்தல். கருவி மிக விரைவானது. பக்கம் வந்து சேருமுன்னரே பொத்தானைத் தேடி, இல்லை என்று முறையிடும். ஐந்து நொடி பொறுத்திரு என்று கட்டளையிடுவது சோம்பலான மருந்து. சர்வர் தளர்ந்த நாளில் ஐந்து நொடி போதாது. நன்கு இயங்கும் நாளில் நான்கு நொடி வீண். பொத்தான் தோன்றும்வரை பொறுத்திரு என்பதே தக்க கட்டளை. காரணமின்றி ஒருநாள் தேறி மறுநாள் தவறும் சோதனையை நிரலர் நம்பார். நம்பாத சோதனை சொல்லும் உண்மைக் குற்றத்தையும் புறக்கணித்துவிடுவர். சோதனை தவறிய கணத்தில் உலாவியின் தோற்றத்தைப் படமாகப் பதிந்து வைத்தல் காரணம் காண உதவும்.

உலாவிவழிச் சோதனை ஒன்றுக்குச் சில நொடிகளேனும் ஆகும். தனிப்பகுதிச் சோதனையோ கண்ணிமைப்பதற்குள் முடியும். ஆதலின் முன்னதைச் சிலவாகவும் பின்னதைப் பலவாகவும் வைத்துக்கொள்வர். அன்றியும், கருவியின் கண்ணுக்குத் தெரியாதனவும் உண்டு. எழுத்துரு சீர்கெட்டு, கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகி நின்றாலும், குறிகளின் வரிசை சரியாயிருக்குமாயின் சோதனை தேறிவிடும். அத்தகைய குறையைக் காணத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தைத் திறந்து பார்த்தல் வேண்டியுள்ளது.