மரைக்காயர்: தோற்றமும் தொடக்க வரலாறும்

மரைக்காயர் எனப்படுவோர் தமிழகக் கிழக்குக் கரையில் வாழும் தமிழ் முசுலிம்களுள் ஒரு பிரிவினர். கடல் வணிகமும் கப்பலோட்டுதலும் இவர்களின் மரபுத் தொழில்கள். காவிரிப் படுகையில் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களிலும், தெற்கே கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களிலும் வாழ்கின்றனர். இராவுத்தர்கள் பெரும்பாலும் அனபி சட்டப் பிரிவைப் பின்பற்ற, மரைக்காயர் பெரும்பாலும் சாபி பிரிவைப் பின்பற்றுகின்றனர்.

பெயர்

'மரக்கலராயர்' என்பதே மருவி மரைக்காயர் ஆயிற்று என்பர் சிலர். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொரு கருத்து. மலையாளக் கரையில் இதே பெயர் 'மரக்கார்' என்று வழங்குகிறது. கட்டுமரம், மரக்கலம் ஆகிய சொற்களில் உள்ள 'மரம்' என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், மரக்கலம் வைத்திருப்போர் என்ற எளிய பொருளே பொருத்தமாகத் தோன்றுகிறது.

தோற்றம்

இவர்கள் அரபு வணிகர்களின் நேர் வழித்தோன்றல்கள் என்று குடும்ப மரபுகள் கூறும். அது பாதி உண்மையே. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு குறிக்கப்படுகிறது. சாட்சிகளின் கையொப்பங்களுள் அரபு எழுத்தில் அமைந்தவையும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்க்குக் குதிரைகள் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து காயலுக்கு வந்திறங்கின. பருவக்காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர்; கரையோரத் தமிழர் பலரும் இசுலாத்தைத் தழுவினர். இவ்விரு சாராரும் கலந்தே மரைக்காயர் உருவாயினர்.

இதற்கு வலுவான சான்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகன் மனைவியின் வீட்டில் வாழ்வதும், வீட்டை மகளுக்குக் கொடுப்பதும் வழக்கம். ஆண் கடலோடியாக இருந்த சமூகத்தில் வீடு பெண்ணுக்குரியதாக அமைந்தது இயல்பே. மொழியும் இதையே சொல்கிறது. வட இந்திய முசுலிம்கள் நமாசு, ரோசா என்னும் பாரசீகச் சொற்களை ஆள, இங்கே தொழுகை, நோன்பு, பெருநாள் என்றே வழங்குகிறது. சமணரும் பௌத்தரும் வழங்கிய 'பள்ளி' என்ற சொல்லே பள்ளிவாசலுக்கும் அமைந்தது. இந்தக் கரைக்கு இசுலாம் தில்லி வழியாக வரவில்லை, கடல் வழியாக வந்தது என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன.

பரங்கியர் வருகை

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபின் கடல் வணிகத்தில் போட்டி முற்றியது. 1538இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் பட்டு மரக்காரின் கப்பற்படையைப் போர்த்துக்கேயர் தோற்கடித்தனர். முத்துக்குளித்துறையில் மரைக்காயரின் செல்வாக்கு அதன்பின் சரிந்தது. ஆயினும் வணிகம் அறுபடவில்லை. 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரைச் சீதக்காதி பெருவணிகராகவும் புலவர்களை ஆதரித்த வள்ளலாகவும் விளங்கினார்.

போர்த்துக்கேயரைக் குறித்த 'பரங்கி' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த பிராங்குகளின் பெயரே அது. பிராங்குகளும் ஒரே குலத்தவர் அல்லர், பல குழுக்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பெயர் பெற்றவர்கள். அரபியர் மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அப்பெயரால் அழைக்க, அது இக்கரைக்கும் வந்து சேர்ந்தது. மகமூது பந்தர் என்றும் அழைக்கப்பட்ட பரங்கிப்பேட்டை அப்பெயரை இன்றும் தாங்கியுள்ளது. அங்கும் மரைக்காயர் பெருமளவில் வாழ்கின்றனர்.