கேமராவுக்கு ஒரு கடிதம்



'சோப்' என்றதும் உங்களுக்குக் குளியலறைதான் நினைவுக்கு வரும். கணினி உலகிலும் ஒரு 'சோப்' உண்டு. இதில் நுரை வராது. இது கடிதம் எழுதும் முறை. கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் காவல் கேமராக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டைப்பையில் உள்ள செல்போனை எடுத்து, திரையில் ஓர் அம்புக்குறியைத் தொட்டால் கேமரா இடப்பக்கம் திரும்புகிறது. செல்போனில் உள்ள செயலி அந்தக் கட்டளையைக் கேமராவுக்கு எப்படித் தெரிவிக்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

உறையும் கடிதமும்

செல்போனைச் செய்தது ஒரு நிறுவனம். கேமராவைச் செய்தது வேறொரு நிறுவனம். இரண்டின் உள்ளேயும் இயங்கும் கணினி மொழிகளும் வெவ்வேறு. இருவருக்கும் பொதுவான ஒரு கடித முறை இருந்தால்தான் பேச்சு நடக்கும். அப்படி ஒரு முறையை 1998-ஆம் ஆண்டில் டேவ் வைனர், டான் பாக்ஸ் முதலியோர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாருடன் சேர்ந்து வகுத்தார்கள். 'சிம்பிள் ஆப்ஜெக்ட் ஆக்சஸ் புரோட்டோகால்' என்ற நீண்ட பெயரின் சுருக்கமே 'சோப்'. இதன் 1.2-ஆம் பதிப்பை 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரமாக ஏற்றது.

சோப் கடிதத்தில் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே ஓர் உறை. அதனுள் தலைப்பகுதி, இதில் அனுப்புவோர் யார் என்பதற்கான சான்று இருக்கும். அடுத்தது உடற்பகுதி, செய்ய வேண்டிய வேலை இதில் இருக்கும். எளிமையாக்கி, பெயர்களையும் தமிழாக்கிக் கீழே தருகிறேன்:

<உறை>
<தலை> பெயர், சான்று, நேரம் </தலை>
<உடல்>
<தொடர்ந்து-நகர்> பக்கவாட்டு வேகம்: -0.5 </தொடர்ந்து-நகர்>
</உடல்>
</உறை>

திறந்த ஒவ்வோர் அடைப்பும் மூடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கேமரா கடிதத்தைப் படிக்காது. வேகத்தின் மதிப்பு -1 முதல் +1 வரை இருக்கலாம். நேர்க்குறி என்றால் வலப்பக்கம், எதிர்க்குறி என்றால் இடப்பக்கம். ஆகவே -0.5 என்பது 'பாதி வேகத்தில் இடப்பக்கம் திரும்பு' என்று பொருள்படும். கணித வகுப்பில் படித்த எண்கோடு இங்கே வேலை செய்கிறது, பார்த்தீர்களா?

இந்தக் கடிதத்துக்கென்று தனிப் பாதை தேவையில்லை. இணையப் பக்கங்கள் வந்து போகும் அதே பாதையில் இதுவும் போகிறது. பதிலும் இதே போன்ற ஓர் உறையில்தான் வரும்.

கேமராவுக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும் என்பதைச் செயலி எழுதுபவர் எப்படி அறிவார்? 2008-ஆம் ஆண்டில் சுவீடனின் ஆக்சிஸ், ஜெர்மனியின் பாஷ், ஜப்பானின் சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 'ஆன்விஃப்' என்ற அமைப்பைத் தொடங்கின. அது கட்டளைகளின் பட்டியலை வெளிப்படையாக வெளியிட்டிருக்கிறது. உணவு விடுதியில் தொங்கும் விலைப்பலகை போன்றது அந்தப் பட்டியல். அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செயலி எழுதலாம்.

முதலாளி எழுந்து போகலாமா?

செயலி எழுதும் மாணவர்கள் முதலில் செய்யும் தவறு ஒன்று உண்டு. உணவு விடுதியின் கல்லாவில் இருக்கும் முதலாளியே தோசை வாங்கிவரச் சமையலறைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? காசு கொடுக்க வந்தவர்கள் காத்து நிற்பார்கள். செல்போனில் திரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை இழைதான் அந்த முதலாளி. அது சாதாரணமாக நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. அதாவது சுமார் 16 மில்லி நொடிக்கு ஒருமுறை. கடிதம் போய்ப் பதில் வர அதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம். முதலாளியே கடிதம் கொண்டு போனால் திரை உறைந்துவிடும். எனவே ஆண்ட்ராய்டு 3.0 பதிப்பிலிருந்து இவ்வாறு எழுதிய செயலியைச் செல்போனே நிறுத்திவிடுகிறது. கடிதம் கொண்டு போக வேறோர் இழையை அனுப்ப வேண்டும்.

கடவுச்சொல்லைச் சொல்லாமல் சொல்வது

இனி தலைப்பகுதிக்கு வருவோம். கடவுச்சொல்லை அப்படியே எழுதி அனுப்பினால் வழியில் ஒருவர் படித்துவிடலாம் அல்லவா? அதற்கு ஓர் உபாயம் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் புதிதாக ஒரு குருட்டாம்போக்கு எண், அந்த நேரம், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் வரிசையாகச் சேர்த்து, 'ஷா-1' என்ற கணக்கு முறையில் அரைத்துவிடுகிறார்கள். எவ்வளவு நீளமான செய்தியை இட்டாலும் 160 பிட் நீளமுள்ள ஒரு சுருக்கமே வெளிவரும். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாதது போல், சுருக்கத்தைத் திருப்பிக் கடவுச்சொல்லாக்க வழியில்லை. எண்ணும் நேரமும் கடிதத்தில் வெளிப்படையாக இருக்கும். கேமரா தனக்குத் தெரிந்த கடவுச்சொல்லைச் சேர்த்துத் தானும் அரைத்துப் பார்க்கும். இரண்டு சுருக்கமும் ஒன்றானால், அனுப்பியவர் உரியவரே!

நேரம் எதற்கு? வழியில் ஒருவன் கடிதத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, நாளை மறுபடி அனுப்பலாம். நேற்றைய பேருந்துச் சீட்டை இன்று காட்டுவது போன்றது அது. ஆகவே நேரம் பழையதாக இருந்தால் கேமரா கடிதத்தைத் தள்ளிவிடும். 5 நிமிடம் என்பது இதற்கு வழிகாட்டும் அளவு.

ஐந்தரை மணிப் பிழை

எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலர் இப்படி ஒரு செயலியை எழுதினார்கள். கேமரா அசையவே இல்லை. திரையில் 'தோல்வி' என்று மட்டும் வந்தது. "கேமராவின் பதிலை முழுவதும் படித்தீர்களா?" என்று கேட்டேன். பிழை என்று தெரிந்ததுமே பதிலைத் தூக்கி எறியும்படி எழுதியிருந்தார்கள்! அதைத் திருத்திப் படித்தபோது, உறையின் உள்ளே 'அனுப்பியவருக்கு அனுமதி இல்லை' என்று இருந்தது.

கடவுச்சொல் தவறோ? அதே சொல்லால் கேமராவின் இணையப் பக்கத்தைத் திறந்தோம், திறந்தது. அப்படியானால் சந்தேகம் நேரத்தின் மீது விழுகிறது. நல்லவேளையாக, ஆன்விஃப் முறையில் சில கேள்விகளுக்குச் சான்று தேவையில்லை. அவற்றில் ஒன்று: 'இப்போது மணி என்ன?' கேட்டோம். உலகப் பொது நேரம் 10 மணி 45 நிமிடம் என்றது கேமரா. எங்கள் செல்போனோ 5 மணி 15 நிமிடம் என்றது.

"சார், வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி!" என்றாள் ஒரு மாணவி.

உங்களுக்கும் புரிந்திருக்குமே! பூமி ஒரு மணியில் 15 பாகை சுழல்கிறது. நம் நாட்டின் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. 82½-ஐ 15-ஆல் வகுத்தால் 5½. கேமராவைப் பொருத்தியவர் நேர மண்டலத்தை மாற்றாமல், இந்திய நேரத்தையே பொது நேரமாக உள்ளிட்டுவிட்டார். படத்தின் மூலையில் மணி சரியாகவே தெரிந்ததால் எவரும் கவனிக்கவில்லை. எங்கள் கடிதமோ கேமராவின் கணக்கில் ஐந்தரை மணி பழையது!

வெர்னியர் அளவியில் முதலில் சுழிப் பிழையைக் கண்டறிந்து, பிறகு ஒவ்வோர் அளவிலும் திருத்துகிறோம் அல்லவா? அதையே செய்தோம். செயலி முதலில் கேமராவின் மணியைக் கேட்கும். தன் மணியோடு ஒப்பிடும். வித்தியாசத்தைச் சேர்த்துக் கடிதத்தில் எழுதும். அடுத்த நிமிடம் கேமரா மெல்லக் கழுத்தைத் திருப்பியது. ஆய்வகத்தில் எழுந்த கைத்தட்டலைச் சொல்லவா வேண்டும்? பின்னர் கேமராவின் கடிகாரத்தையும் திருத்தச் செய்தோம்.

ஓர் எச்சரிக்கை

பூட்டு நல்லதாக இருந்தாலும் சாவியை வாசலில் தொங்கவிட்டால் பயனில்லை. 2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்கள் முதலியவற்றைத் தேடிப் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே 'டைன்' என்ற நிறுவனத்தைத் தாக்கி, பல பெரிய இணையதளங்களை முடக்கினார்கள். மேலும், எளிய கடவுச்சொல்லாக இருந்தால், கடிதத்தைப் பிடித்தவர் ஒவ்வொரு சொல்லாக அரைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். எனவே நீளமான கடவுச்சொல்லை வையுங்கள். உங்களுக்கு உரிமையில்லாத கேமராவுக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

இறுதியாக உங்களுக்கு ஒரு கணக்கு: ஜப்பானின் திட்ட நேரம் 135 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அங்கே ஒருவர் இதே தவற்றைச் செய்தால், செயலி எத்தனை மணி நேரத்தைத் திருத்த வேண்டும்? சொல்லுங்கள் பார்க்கலாம்!