முளையத்தைத் தீண்டாச் சோதனை

மனிதரின் உடற்கலங்களிற் பொதுவாக 46 நிறமூர்த்தங்கள் உள என்பது 1956 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 21 ஆம் நிறமூர்த்தம் இரண்டாகாது மூன்றாக அமைதலே டவுண் கூட்டறிகுறிக்குக் காரணமென்பதை 1959 இற் பிரான்சிய ஆய்வாளர் வெளிப்படுத்தினர். இவ்வெண்ணிக்கை பிறழ்ந்த முளையங்களிற் பெரும்பாலானவை கருப்பையிற் பதியா. பதிந்தவற்றுட் பலவும் சிதைந்தொழியும். தாயின் வயது முப்பத்தைந்தைக் கடந்தபின் இப்பிறழ்வு விரைந்து மிகும்.

உடலுக்குப் புறத்தே கருக்கட்டிய முளையத்தினின்று முதற் குழந்தை 1978 இல் இங்கிலாந்திற் பிறந்தது. அம்முறையைக் கண்டோருள் ஒருவரான ரொபேட் எட்வேட்ஸ் 2010 இல் நோபெல் பரிசு பெற்றார். பல முளையங்கள் உண்டாகுமிடத்து, அவற்றுள் எதனைக் கருப்பையில் இடுவது என்பதே மருத்துவரை எதிர்நோக்கும் வினா. தோற்றத்தால் மட்டும் நிறமூர்த்தக் குறைபாட்டை அறிதல் அரிது. ஆதலின், ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில், பின்னர் நச்சுக்கொடியாகும் வெளிப்படையினின்று ஐந்து முதற் பத்துக் கலங்களைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பர். இது நுண்ணிய கைத்திறன் வேண்டும் செயல். முளையத்துக்கு ஊறு நேருமோ என்னும் ஐயமும் இதனோடு உடன்வருவது.

முளையத்தைத் தீண்டாது அறியும் வழி உண்டோ? கருவுற்ற தாயின் குருதியிற் சிசுவின் டி.என்.ஏ. மிதத்தலை டெனிஸ் லோ குழுவினர் 1997 இற் காட்டினர். அதனை ஒப்பவே, முளையம் வளர்ந்த ஊடகத்திலும் டி.என்.ஏ. துணுக்குகள் கலந்திருத்தல் பின்னர் அறியப்பட்டது. வளரும் முளையத்திற் சில கலங்கள் இறக்க, அவற்றின் துணுக்குகள் வெளியேறுகின்றன. எறியப்படும் அத்துளி நீரைச் சேகரித்து, துணுக்குகளைப் பன்மடங்காக்கி, ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் உரியவை எத்துணை என எண்ணுவர். ஒன்றுக்குரியவை அளவின் மிகுந்திருப்பின் அந்நிறமூர்த்தம் மேலதிகமாக உளதென்பதும், குறைந்திருப்பின் ஒன்று இல்லையென்பதும் பெறப்படும்.

எனினும் இடர்கள் சில உள. துணுக்குகள் மிகச் சிலவே, அவையும் சிதைந்தவை. முட்டையைச் சூழ்ந்த தாயின் கலங்கள் முற்றாக அகற்றப்படாவிடின் தாயின் டி.என்.ஏ. கலந்துவிடும். குறையற்ற பெண் முளையமெனச் சோதனை காட்டுமிடத்து, அது முளையத்தின் விடையோ தாயின் விடையோ எனப் பிரித்தறிதல் கடினம். ஒரே முளையத்தில் நிறைவுள்ள கலங்களும் குறைவுள்ள கலங்களும் விரவியிருத்தலுமுண்டு. குறையுள்ள கலங்களை முளையமே வெளியேற்றுமெனிற் சுற்றியுள்ள நீர், முளையத்தினும் மிகுந்த பிறழ்வைக் காட்டக்கூடும்.

கலங்களைக் கிள்ளியாராயும் சோதனையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 661 பெண்களை உட்படுத்தி 2019 இல் வெளியான ஆய்வொன்றில், அச்சோதனையால் மொத்தத்திற் கருத்தரிப்பு மிகவில்லை.

இரண்டொரு முளையங்களே உடைய பெண்ணுக்குத் தவறான விடையொன்றால் நல்ல முளையம் இழக்கப்படின், அவ்விழப்பு மீட்கற்பாலதன்று. எனவே, தீண்டாச் சோதனையை முளையங்களை ஒதுக்கித்தள்ளும் தீர்ப்பாகக் கொள்ளாது, எதனை முதலில் இடலாமென வரிசைப்படுத்தும் துணையாகக் கொள்வதே அறிவுடைமையாகும்.