மாருதி 800: மைலேஜ் ஸ்க்ரூவில் மட்டும் இல்லை

"மைலேஜ் விழுந்திருச்சுண்ணே, ஸ்க்ரூவைத் திருகி விடுங்க" என்று கே.கே. நகரில் என் பட்டறைக்குப் பழைய மாருதி 800 வரும். 1983-இல் வந்த, 796 சிசி கார்புரேட்டர் வண்டி. நான் முதலில் கழற்றுவது ஏர் ஃபில்டரை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். தூசி அடைத்தால் பெட்ரோல்தான் வீண்.

அடுத்து ஸ்பார்க் பிளக். நுனியில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பு சரி.

பிறகுதான் திருப்புளி. இன்ஜின் சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, மிக்ஸர் ஸ்க்ரூவை இன்ஜின் திணறும்வரை திருகி, சீராகும்வரை மெல்லத் தளர்த்துவேன். அது ஐடிலிங்குக்கு மட்டும். ஓட்டத்தில் பெட்ரோலை அளப்பது ஜெட். மிச்சம் பிடிக்கச் சின்ன ஜெட் போட்டால் இன்ஜின் சூடாகி வால்வு கருகும். அதற்குப் பதில், டயரில் காற்றைச் சரியாக வையுங்கள்.