புயலில் செல்போன் கப்சிப்! கைகொடுத்தது மொட்டை மாடிப் பெட்டி

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருக்கிறது ரெட் ஹுக். மூன்று பக்கமும் தண்ணீர். 2012-ம் ஆண்டு வீசிய "சாண்டி" புயலில் இந்தப் பேட்டை மூழ்கியது. செல்போன்களும் கைவிட்டன. அப்போது ஜனங்களுக்குக் கைகொடுத்தது, அக்கம்பக்கத்தார் மொட்டை மாடியில் மாட்டி வைத்த ஒரு சின்னப் பெட்டி!

அதன் விவரம் வருமாறு:-

அக்டோபர் 29, திங்கட்கிழமை இரவு. கடல் தண்ணீர் தெருவுக்குள் குபுகுபுவென்று புகுந்தது. அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் கரண்ட் போச்சு. லிப்ட் நின்றது. கிழவர்களும் நோயாளிகளும் மாடியிலேயே சிக்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ 2 வாரம் இதே கதிதான்.

புயல் தாக்கிய மாநிலங்களில் 4-ல் ஒரு செல்போன் டவர் வேலை செய்யவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று சொந்தக்காரருக்குச் சொல்ல வழியில்லை. நிவாரணத்துக்கு மனு போடவும் வழியில்லை.

தப்பிய கட்டிடம்

"ரெட் ஹுக் இனிஷியேடிவ்" என்ற சமூக மன்றம் தப்பியது. அங்கே தண்ணீர் ஏறவில்லை, கரண்டும் இருந்தது. போனுக்குச் சார்ஜ் போட ஜனங்கள் திரண்டார்கள். வந்தவர்களுக்கு இன்னொன்றும் கிடைத்தது: வயர் இல்லாத இன்டர்நெட்!

புயலுக்கு முந்தைய மாதங்களிலேயே மன்றத்தினர் "ஓபன் டெக்னாலஜி இன்ஸ்டிடியூட்" உதவியோடு மாடியில் ரேடியோ பெட்டி மாட்டியிருந்தார்கள். பூங்கா ஓரம் ஒரு குடியிருப்பின் மாடியிலும் ஒன்று இருந்தது. புயலுக்குப் பிறகு மத்திய அரசின் பேரிடர் உதவித் துறை ஆட்கள் வந்து செயற்கைக்கோள் இணைப்பைக் கொடுத்தார்கள். அதை இந்தப் பெட்டிகளோடு கோத்ததும் பூங்கா வரை இன்டர்நெட் பாய்ந்தது. ஒரு நாளைக்கு 300 பேர் வரை இதில் சேதி அனுப்பினார்கள், மனு போட்டார்கள்.

வாளி மாற்றுகிற கதை

தீப்பிடித்தால் ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவார்கள் அல்லவா? அதே வேலையைத்தான் இந்தப் பெட்டிகள் செய்கின்றன. ஒரு மாடிப் பெட்டி அடுத்த மாடிக்குச் சேதியைத் தள்ளும், அது அடுத்ததுக்கு. நடுவில் ஒன்று பழுதானால், பக்கத்துப் பெட்டி எட்டும் தூரத்தில் இருந்தால் போதும், சேதி அந்த வழியாகச் சுற்றிப் போகும்.

வெளி இணைப்பு அறுந்தாலும் பேட்டைக்குள் பேசிக்கொள்ளலாம். ஆனால் வெளியூருக்குச் சேதி போக ஒரு இடத்திலாவது வாசல் வேண்டும். பெட்டிக்குக் கரண்டும் வேண்டும். குறைந்த கரண்டில் ஓடுவதால் பேட்டரி வைத்தும் ஓட்டலாம்.

ஏணி பிடிக்க ஆள்!

பெட்டியை மாட்டிவிட்டுப் போனால் போதுமா? போதாது. மழையில் வயர் கெடும். காற்றில் கம்பம் திரும்பும். குளிரில் மாடி ஏறிச் சரி செய்வது யார்?

இதற்காக மன்றம் 2013-ல் அதே குடியிருப்பு இளைஞர்களைப் பிடித்தது. 19 முதல் 24 வயது வரை உள்ளவர்கள். வேலைக்கு அலைந்துகொண்டிருந்த பிள்ளைகளும் அதில் உண்டு. பெட்டி மாட்டவும், பழுது பார்க்கவும், ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் பயிற்சி தந்தது. சும்மா இல்லை, சம்பளத்தோடு! "டிஜிட்டல் ஸ்டூவர்ட்ஸ்" என்று இவர்களுக்குப் பெயர்.

எந்தக் கதவைத் தட்டினால் மாடிச் சாவி கிடைக்கும், எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. வெளியிலிருந்து வரும் மெக்கானிக்குக்கு அது தெரியுமா?

பெட்டியைக் காசு கொடுத்தால் கடையில் வாங்கிவிடலாம். புயல் அடித்த மறுநாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற ஆளை எந்தக் கடையில் வாங்குவது? அவர் அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.