எந்த நாய் உங்கள் வீட்டுக்கு ஏற்ற நாய்?

வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்களா? வாங்கிக் கொடுங்கள். ஆனால் கடையில் போய் அழகான குட்டியைத் தேடுமுன், உங்கள் வீட்டையும் உங்கள் வேலை நேரத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தோட்டத்தில் இந்தக் கவலை இல்லை. லயத்து வாசலில் பிறந்த குட்டி மீந்த சோற்றைத் தின்று வளர்ந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவருக்கு முன்னால் ஓடியது. பாம்பைக் கண்டால் குரைத்தது. அதே குடும்பம் செந்தூலுக்குக் குடிவந்தால் நிலைமை வேறு. ஒரு காலத்தில் ரயில் பட்டறையால் பெயர் பெற்ற அந்த ஊரில் இன்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே நாய்க்கு ஓட இடம் ஏது?

காவலுக்கு அல்சேஷன்தான் வேண்டும் என்பார்கள் பலர். புத்திசாலி நாய்தான். ஆனால் தினமும் நன்றாக ஓட வேண்டும். தீனிச் செலவும் அதிகம். வயதானால் இடுப்பு மூட்டு நோய் வருவதுண்டு. பனிநாட்டு ஹஸ்கிக்கு அடர்ந்த ரோமம். நம் ஊர் வெயில் அதற்குப் பெரும் வேதனை. பொமரேனியன் சிறிய வீட்டுக்குப் பொருந்தும். ஆனால் ஓயாமல் குரைக்கும், ரோமத்தை அடிக்கடி சீவிவிட வேண்டும். பிட்புல், தோசா போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நம் நாட்டில் தடை உண்டு. ராட்வைலர், டாபர்மேன் வகைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு.

தமிழகத்து ராஜபாளையம் நாய்மேல் நம்மில் பலருக்குத் தனிப் பாசம். 2005இல் இந்திய அரசு அதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டது. அது வேட்டை நாய். அந்நியரிடம் எளிதில் சேராது. வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகவும் பிறக்கும். வாங்குமுன் பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள்.

அப்படியானால் எதைத்தான் வளர்ப்பது? காலையில் போய் மாலையில் திரும்பும் குடும்பத்துக்கு, முதிர்ந்த நாட்டு நாய் ஒன்றே நல்லது. வெயில் தாங்கும். அதன் குணமும் முன்பே தெரிந்துவிடும். கடை விலை கொடுக்கவும் வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகத்தில் எத்தனையோ நாய்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. குட்டிதான் வேண்டுமென்றால், எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தடுப்பூசியை மறக்காதீர்கள். சரவாக்கில் 2017இல் வெறிநாய்க்கடி நோய் பரவி உயிர்களைப் பறித்தது நினைவிருக்கட்டும்.

கோலாலம்பூரில் மாநகர் மன்றத்தின் உரிமம் இல்லாமல் நாய் வளர்க்கக் கூடாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள், அங்கே நாய் வளர்க்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அண்டை வீட்டு மலாய்க்காரர் உடம்பில் நாயின் எச்சில் பட்டால், மண் கலந்த நீர் உட்பட ஏழுமுறை கழுவுவது அவர்கள் மார்க்க முறை. ஆகவே நாயைக் கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள். அக்கம்பக்கத்து உறவு பெரிது.

ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். இன்று அடம்பிடிக்கும் பையன் அதற்குள் வேலைக்கே போய்விடுவான். அப்போதும் யார் சோறு வைப்பது, யார் நடத்திப் போவது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பதில் கிடைக்காவிட்டால் நாய் வேண்டாம். ஆசைக்கு வாங்கி, பிறகு சங்கிலியிலேயே கட்டிப்போட்டு ஒரு வாயில்லா ஜீவனின் ஆயுளை வீணாக்க வேண்டாமே!